பேருந்து அட்டவணைக்கு ஒரு வாக்கு: ஜிடிஎஃப்எஸ் திருத்த வாக்கெடுப்பு முறை, ஒரு பயனாளரின் மதிப்புரை

கோயம்புத்தூரில் நாங்கள் நால்வர் சேர்ந்து நடத்தும் சிறிய அலுவலகத்தின் வேலை, வெளிநாட்டுப் பேருந்து நிறுவனங்கள் அனுப்பும் கால அட்டவணைகளைப் பயணச் செயலிகள் படிக்கக்கூடிய தரவுக் கோப்புகளாக மாற்றிக் கொடுப்பதாகும். அந்தக் கோப்புகளில் எந்தப் பத்தியில் (அதாவது அட்டவணையின் எந்த நெடுவரிசையில்) எதை எழுத வேண்டும், எதை எழுதாமல் விடலாம் என்பதை வரையறுப்பது ஜிடிஎஃப்எஸ் (General Transit Feed Specification) என்னும் திறந்த தரநிலை. அதில் புதிதாக ஒரே ஒரு பத்தியைச் சேர்ப்பதாக இருந்தாலும் பொது வாக்கெடுப்பு நடந்தாக வேண்டும். அதில் நானும் வாக்களிக்கலாம், இதைப் படிக்கும் நீங்களும் வாக்களிக்கலாம். கட்டணம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை, யாருடைய பரிந்துரையும் தேவையில்லை. பல ஆண்டுகள் வாக்காளனாகவும், ஒரே ஒரு முறை முன்மொழிபவனாகவும் இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தியவன் என்ற முறையில், இதற்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். பிடித்துக்கொண்ட ஒன்றரையில் ஒரு முழு மதிப்பெண் ஒரே காரணத்துக்காகப் போகிறது: இந்த வாக்கெடுப்புகளுக்கு நாட்காட்டி கிடையாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறையின் விதிகள் அவ்வப்போது திருத்தப்படுபவை. நான் இங்கே மதிப்பிடுவது, நான் நெடுங்காலம் புழங்கிய வடிவத்தை. கீழே வரும் விதிகளும் அந்த வடிவத்தினுடையவை, இன்றைய விதிகள் வேறாக இருக்கலாம்.

ஜிடிஎஃப்எஸ் பிறந்த கதை சுருக்கமானது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாண்ட் நகரின் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டில் பணியாற்றிய பிபியானா மக்ஹியூ, காரில் செல்ல வழிகேட்பதுபோலப் பேருந்தில் செல்லவும் வழிகேட்க முடிய வேண்டும் என்று கூகுளை அணுகினார். 2005 டிசம்பரில் போர்ட்லாண்ட் நகருக்கான பயணத் திட்டமிடல் சேவை வெளிவந்தது. அதற்காக உருவாக்கிய கோப்பு வடிவமே பின்னர் எல்லோருக்கும் பொதுவான தரநிலையாயிற்று. பெயரின் முதல் எழுத்து முன்பு ‘கூகுள்’ என்பதைக் குறித்தது, பிறகு ‘ஜெனரல்’ என்பதைக் குறிக்கலாயிற்று. வடிவம் எளிமையானது. ஒரு ஜிப் பொதிக்குள் சில உரைக் கோப்புகள் இருக்கும்: நிறுத்தங்களுக்கு ஒன்று, தடங்களுக்கு ஒன்று, நடைகளுக்கு ஒன்று, ஒவ்வொரு நடையும் ஒவ்வொரு நிறுத்தத்தை எத்தனை மணிக்குத் தொடும் என்பதற்கு ஒன்று. மதிப்புகளுக்கு இடையே காற்புள்ளி, அவ்வளவுதான்.

அந்த எளிமைக்குள் எத்தனை முடிவுகள் பொதிந்திருக்கின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். இரவு 11.50-க்குப் புறப்படும் ஒரு நடை நள்ளிரவைத் தாண்டி 1.35-க்குக் கடைசி நிறுத்தத்தை அடைகிறது என்றால், அந்த நேரத்தை 01:35:00 என்று எழுதக் கூடாது, 25:35:00 என்று எழுத வேண்டும். காலண்டரில் தேதி மாறினாலும் பேருந்துக்கு அன்றைய பணிநாள் இன்னும் முடியவில்லை என்பது அதன் பொருள். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் முதல் வாரத்தில் இதைத் தட்டச்சுப் பிழை என்று கருதித் திருத்திவிட்டுப் பெருமையுடன் வந்து சொல்வார்கள். உலகெங்கும் ஆயிரக்கணக்கான போக்குவரத்து நிறுவனங்களின் கோப்புகளும், அவற்றைப் படிக்கும் எல்லாச் செயலிகளும் இத்தகைய முடிவுகளின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே, ஒன்றை மாற்றுவது என்றால் அதற்கு ஒரு முறை வேண்டும், அந்த முறையில் பாதிக்கப்படுவோருக்குக் குரல் வேண்டும். அதற்குத்தான் வாக்கெடுப்பு.

நடைமுறை இப்படிப் போகும். மாற்றம் வேண்டும் என்று நினைப்பவர் தரநிலையின் மூல ஆவணத்தில் தாம் விரும்பும் திருத்தத்தை எழுதி, நிரல்களையும் ஆவணங்களையும் பலர் சேர்ந்து திருத்தும் கிட்ஹப் தளத்தில் புல் ரிக்வெஸ்ட்டாக, அதாவது திருத்தத்தை இணைத்துக்கொள்ளும் கோரிக்கையாக வைத்து, இதற்கென்று உள்ள மின்னஞ்சல் குழுவில் அறிவிக்கிறார். அந்தக் கணம் முதல் அந்த முன்மொழிவுக்குப் பொறுப்பாளர் அவரே. குறைந்தது 7 நாட்கள் விவாதம் நடக்க வேண்டும். அதன் பிறகு எப்போது வேண்டுமானாலும் அவர் வாக்கெடுப்பைத் தொடங்கலாம். வாக்கெடுப்பு, 7 முழு நாட்களையும் சுவிட்சர்லாந்தின் 5 முழு வேலை நாட்களையும் உள்ளடக்கும் மிகக் குறுகிய காலத்துக்கு நடந்து, உலகப் பொது நேரப்படி இரவு 23:59:59-க்கு முடியும். வாக்கெடுப்பு நடக்கும்போது எழுத்துப் பிழையைத் திருத்தலாம், பொருளை மாற்றக் கூடாது. முன்மொழிந்தவரின் வாக்கைக் கணக்கில் சேர்க்காமல் குறைந்தது 3 ஆதரவு வாக்குகள் வர வேண்டும். எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. அப்படித் தேறிவிட்டால், அதை ஐந்து வேலை நாட்களுக்குள் மூல ஆவணத்தில் இணைத்துவிட கூகுள் கடமைப்பட்டிருக்கிறது. கூகுளுக்குப் பிடிக்காத திருத்தமாயினும் இதில் விலக்கு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு எதிராக அவர்களும் எல்லோரையும்போல வாக்குப் போட்டிருக்க வேண்டும்.

வேலை நாள் எது என்பதை ஏன் சுவிட்சர்லாந்து தீர்மானிக்கிறது என்று முதல் முறை படிக்கும் எவரும் சற்று நின்றுவிடுவார்கள். ஸூரிக் நகரில் கூகுளுக்குப் பெரிய அலுவலகம் ஒன்று உண்டு என்பது தெரிந்தவர்களுக்கு விதியின் ஊர் வாடை பிடிபடும்.

நேரில் பார்ப்பதற்கு வாக்குச்சாவடி மிகச் சாதாரணமானது. ஒரே நீண்ட பக்கம். மேலே திருத்தத்தின் விளக்கம், அதன் கீழே வாரக்கணக்கில் நீண்ட விவாதம், பிறகு பொறுப்பாளரின் அறிவிப்பு: ‘வாக்கெடுப்பு தொடங்குகிறது, இந்தத் தேதி இந்த நேரத்துக்கு முடியும்.’ அதன் கீழே ஆதரிப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து ‘+1’ என்று எழுதி, பக்கத்தில் தம் நிறுவனத்தின் பெயரையும் குறித்துவிட்டுப் போவார்கள். மனம் மாறியவர் தம் பழைய பதிவுக்கே சென்று, அங்கிருக்கும் வாக்கை அழிக்காமல் நடுவே கோடு கிழித்து, அதன் பக்கத்தில் புதிய வாக்கை எழுதுவதே பரிந்துரைக்கப்பட்ட முறை. இந்த ஒரு சிறு ஏற்பாட்டுக்கே நான் அரை மதிப்பெண் கூடுதலாகத் தருவேன். யார் எப்போது எதை நினைத்தார், பிறகு எதைக் கேட்டு மாறினார் என்பது அந்தக் கோட்டுக்கு அடியில் எல்லோரும் படிக்கும்படி நிற்கிறது. அடித்தல் திருத்தல் இருந்தால் வாக்கு செல்லாது என்று கேட்டே வளர்ந்த நமக்கு இது புதிதாகத்தான் தோன்றும்.

இன்னொரு விதியும் பாராட்டத்தக்கது. வாக்கெடுப்புக்கு முன்பே, தரவைத் தயாரிக்கும் ஒரு நிறுவனமாவது தன் பொதுக் கோப்பில் அந்த மாற்றத்தைச் செயல்படுத்தியிருக்க வேண்டும்; அத்தரவைப் பயன்படுத்தும் ஒரு செயலியாவது அதைப் பயனுள்ள வகையில் எடுத்தாண்டிருக்க வேண்டும்; இரண்டுக்கும் சுட்டி கொடுக்க வேண்டும். காகிதத்தில் அழகாகத் தெரியும் யோசனைகளை இந்த விதி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ‘எதிர்காலத்தில் யாருக்காவது பயன்படும்’ என்று சொல்லிக்கொண்டு வரும் பத்திகளால் வீங்கிப்போன தரநிலைகளோடு வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எதிர்த்து வாக்களிப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும், கூடுமானவரை எதைத் திருத்தினால் ஒப்புக்கொள்வார் என்பதையும் சொல்ல வேண்டும் என்ற விதியும் அதே வகையைச் சேர்ந்தது.

இந்த முறையில் விளைந்தவற்றுள் தமிழ் வாசகருக்கு நெருக்கமானது, 2020-ன் தொடக்கத்தில் தரநிலையில் சேர்ந்த மொழிபெயர்ப்புக் கோப்பு. அதற்கு முன்பு அது கூகுள் தனியாக வைத்திருந்த ஒரு நீட்சியாக மட்டுமே இருந்தது. சென்னையையே எடுத்துக்கொள்வோம். நிறுத்தங்களின் கோப்பில் பெயர் ‘எக்மோர்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால், அதை ஒலிபெயர்க்கும் எந்த நிரலும் ‘எழும்பூர்’ என்ற பெயரை ஒருநாளும் எட்டாது. ‘ட்ரிப்ளிகேன்’ என்பதிலிருந்து திருவல்லிக்கேணிக்கும் அப்படி வந்து சேர முடியாது. மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும்: எந்தக் கோப்பு, அதில் எந்தப் பத்தி, எந்த மொழி, மொழிபெயர்ப்பு என்ன. அதோடு, இந்த மொழிபெயர்ப்பு ஒரு குறிப்பிட்ட நிறுத்தத்துக்கு மட்டுமா, அல்லது அதே பெயர் வரும் எல்லா இடங்களுக்குமா என்பதையும் இருவேறு வழிகளில் சொல்லலாம். இரண்டையும் ஒரே வரியில் கலக்கக் கூடாது. ‘பஸ் ஸ்டாண்டு’ என்ற பெயர் இருபது இடங்களில் வந்தால் ஒரே வரியில் இருபதையும் முடித்துவிடலாம். ஆனால் ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டல் கொண்ட இரண்டு ஊர்ப் பெயர்களுக்குத் தமிழில் ‘ள’, ‘ல’ வேறுபாடு இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனி வரி எழுதவும் வழியுண்டு. மொழி தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேசிய தடம் இதில் தெரிகிறது. பொது விவாதத்துக்கும் பொது வாக்குக்கும் நான் ஆதரவாளனாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

இனி, குறைத்த மதிப்பெண்ணுக்கு வருகிறேன்.

‘7 நாள் விவாதத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். வாக்கெடுப்பு எப்போது என்பதை முன்மொழிந்தவர் ஒருவரே தீர்மானிக்கிறார். ஒரு மாதத்தில் மூன்று வாக்கெடுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரலாம், அடுத்த மூன்று மாதம் எதுவுமே வராமலும் போகலாம். பெரிய நிறுவனங்களில் இதைக் கண்காணிப்பதற்கென்றே ஆள் இருப்பார். எங்களைப்போல நால்வர் இருக்கும் இடத்தில், கோப்பு தயாரிப்பவரும் தொலைபேசி எடுப்பவரும் தரநிலையைக் கண்காணிப்பவரும் ஒருவரேதான். அவர் ஒரு வாரம் ஊரில் இல்லாவிட்டால், அந்த வாரத்தில் ஒரு வாக்கெடுப்பு பிறந்து, வளர்ந்து, முடிந்தும் போயிருக்கும்.

எனக்கு அப்படி நேர்ந்தது. பிழை என்னுடையதுதான், அதை மறைக்கவில்லை. எங்கள் வேலைக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய ஒரு முன்மொழிவுக்கு, விவாதத்தின்போதே உற்சாகமாக ‘+1’ போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று தங்கை மகளின் சடங்குக்காக ஊருக்குப் போய்விட்டேன். வாக்கெடுப்பு தொடங்குவதற்கு முன் இடப்பட்ட வாக்குகள் கணக்கில் சேரா என்ற விதியை நான் படித்திருந்தேன், ஆனால் நினைவில் வைத்திருக்கவில்லை. பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த நாட்களில் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. முன்மொழிந்தவர் நீங்கலாக இரண்டு ஆதரவு, எதிர்ப்பு எதுவும் இல்லை. மூன்றாவது வாக்கு என்னிடம் இருந்தது, நான் அங்கே இல்லை. தோற்ற முன்மொழிவை மீண்டும் வாக்குக்கு விடலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் முன்மொழிந்தவர் சோர்ந்துவிட்டார். 30 நாட்கள் எந்தச் சலனமும் இல்லாத முன்மொழிவை மூடிவிடலாம் என்ற இன்னொரு விதி தன் வேலையைச் செய்தது. ஒருவர்கூட எதிர்க்காத ஒரு யோசனை, வாராத ஒரு வாக்கினால் செத்தது.

கால அளவின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். புதன்கிழமை பிற்பகலில் வாக்கெடுப்பு அறிவிக்கப்பட்டால் அந்தப் புதன் முழுநாள் ஆகாது. வியாழனில் தொடங்கி அடுத்த புதன் நள்ளிரவுக்குச் சற்று முன்பு முடியும். அதில் ஏழு முழு நாட்களும், வியாழன், வெள்ளி, திங்கள், செவ்வாய், புதன் என ஐந்து வேலை நாட்களும் வந்துவிடுகின்றன. இடையில் சுவிட்சர்லாந்தின் தேசிய நாளான ஆகஸ்ட் 1 வேலைநாளில் வந்தால் ஒரு நாள் நீளும். ஆகஸ்ட் 15 வந்தால் நமக்காக நீளாது, தீபாவளிக்கும் நீளாது, பொங்கல் நான்கு நாளுக்கும் நீளாது. நமக்கு வாக்கெடுப்பு முடியும் நேரம் மறுநாள் விடியற்காலை 5:29:59. சுப்ரபாதம் ஒலிக்கும் வேளையில் கைப்பேசியில் வாக்குப் போட்டிருக்கிறேன் என்று சொன்னால் என் மனைவி சாட்சி சொல்வார். நான் இதைப் பாகுபாடு என்று சொல்லவில்லை. எந்த நாட்டின் விடுமுறையை வைத்தாலும் இன்னொரு நாட்டவர் இதையே எழுதுவார். அவ்வளவு குறுகிய காலமாக, அதுவும் எப்போது வரும் என்று தெரியாத காலமாக இருப்பதால்தான் ஒரு நாள் கூடுவதும் குறைவதும் பெரிதாகிறது. ஆண்டின் தொடக்கத்திலேயே தேதி தெரிந்திருந்தால் அவரவர் பண்டிகையை அவரவர் பார்த்துக்கொள்வார்கள்.

இத்துடன் ஒருமித்த ஒப்புதல் என்ற விதி சேரும்போதுதான் நாட்காட்டி இல்லாமையின் முழு விலை தெரிகிறது. ஒரே ஒரு எதிர்ப்பு போதும், முன்மொழிவு விழும். பழைய கோப்புகள் செல்லாமல் போய்விடக் கூடாது என்பது இந்தத் தரநிலையின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று என்பதால், ஒருமுறை உள்ளே வந்த பத்தி வெளியேறுவது மிக அரிது. ஆகவே வாக்காளரின் முன் இரண்டே வழிகள் இருக்கின்றன: நிரந்தரமாக உள்ளே விடுவது, அல்லது இப்போது அடைப்பது. ‘யோசனை நல்லது, சொல்லமைப்பு இன்னும் பதப்படவில்லை, அடுத்த முறை வரட்டும்’ என்று சொல்ல நினைப்பவருக்கு, அந்த அடுத்த முறை எப்போது என்று தெரியாது. முன்மொழிந்தவர் நாளையே மறுபடி வாக்குக்கு விடலாம், மனம் வெறுத்து விட்டுவிட்டும் போகலாம். அதனால் தயக்கம் உள்ளவர்களில் சிலர் மௌனமாகிவிடுகிறார்கள், சிலர் தேவைக்கு மேல் உரக்க எதிர்க்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை குறிப்பிட்ட நாளில் வாக்கெடுப்பு என்று இருந்தால், எதிர்ப்பு வாக்கின் பொருளே மாறிவிடும். அதை ‘வேண்டாம்’ என்று யாரும் படிக்க மாட்டார்கள், ‘ஆவணியில் வரட்டும்’ என்றுதான் படிப்பார்கள். பேருந்தைத் தவறவிட்டவர் அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் நிறுத்தத்திலேயே நிற்பார், தெரியாவிட்டால் ஆட்டோவைக் கூப்பிடுவார். காலஅட்டவணைக்கான தரநிலையை நடத்துபவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

ஒருமித்த ஒப்புதலையே தூக்கி எறிய வேண்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் காட்டும் சான்று வலுவானது. அழைத்தால் வீட்டு வாசலுக்கு வரும் பேருந்துச் சேவைகளை விவரிக்கும் ஃப்ளெக்ஸ் என்ற பகுதி, முதல் வரைவு தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, 2024 மார்ச்சில்தான் தரநிலையில் ஏற்கப்பட்டது. கட்டணங்களுக்கான புதிய பகுதியை ஒரே மூட்டையாக வைத்தால் கரையேறாது என்று கண்டு, அடிப்படைப் பகுதியை மட்டும் 2022 மே மாதத்தில் நிறைவேற்றி, நேரத்துக்கு ஏற்ற கட்டணம் போன்றவற்றைப் பின்னர் துண்டு துண்டாகச் சேர்த்தார்கள். என் கருத்து வேறு. அந்தத் துண்டு துண்டான வழி உண்மையில் நல்ல வழி. எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு துண்டையும் புரிந்துகொண்டு செயல்படுத்த அவகாசம் கிடைத்தது. துண்டுகளுக்கு இடையே சீரான இடைவெளி மட்டும்தான் இல்லை. மான்ட்ரியாலைத் தலைமையிடமாகக் கொண்ட இலாபநோக்கற்ற அமைப்பான மொபிலிட்டிடேட்டா விவாதங்களை ஒருங்கிணைக்கவும் கூட்டங்கள் நடத்தவும் முன்வந்த பிறகு நிலைமை எவ்வளவோ சீர்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு, முன்மொழிவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய நூறு பதிவுகளைப் படிக்க வேண்டியிருந்தது. பிறகு சுருக்கம் எழுதிக்கொடுக்க ஆள் வந்தார்கள்.

இதே பணியைச் செய்யும் பிற ஏற்பாடுகளோடு ஒப்பிடாமல் மதிப்புரை முழுமையாகாது. எவரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில், ஓர் இடம் எத்தகையது என்று குறிக்கும் புதிய குறிச்சொற்களுக்கு வாக்கெடுப்பு குறைந்தது இரண்டு வாரம் நடக்கும். குறைந்தது 8 ஆதரவும், மொத்தத்தில் 75 விழுக்காடும் இருந்தால் தேறும். கால அளவில் அது தாராளம், விழுக்காட்டிலும் தாராளம். ஆனால் அங்கே வாக்கில் தோற்ற குறிச்சொல்லையும் எவரும் பயன்படுத்தலாம் என்பதால் வாக்குக்கு அவ்வளவு கனம் இல்லை. இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் வாக்கெடுப்பையே ஏற்பதில்லை. மன்னர்களையும் அதிபர்களையும் வாக்களிப்பையும் தாங்கள் மறுப்பதாகவும், ஏறத்தாழ எட்டிய கருத்தொற்றுமையையும் ஓடும் நிரலையுமே நம்புவதாகவும் 1992-ல் டேவிட் கிளார்க் சொன்னது அவர்களின் தாரக மந்திரம். கூட்ட அறையில் ஒத்த கருத்துடையோர் வாய்மூடி ‘ம்ம்’ என்று முனக, எந்தப் பக்கம் ஓசை பலமாக இருக்கிறது என்று தலைவர் கேட்டறிவார். அறையில் இருப்பவருக்கு அது நல்ல முறைதான்.

மிகக் கூர்மையான ஒப்பீடு, உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினிக் குறியெண் வகுக்கும் யூனிகோடு. அங்கே தொழில்நுட்பக் குழு காலாண்டுக்கு ஒருமுறை கூடும், புதிய பதிப்பு பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்று வரும். தமிழின் பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் பிறவுமாக 51 எழுத்துக்குறிகள் 2019 மார்ச்சில் 12-ஆம் பதிப்பில் சேர்ந்தபோது, அது எந்தப் பதிப்பில் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததால் எழுத்துரு செய்பவர்கள் அதற்கேற்ப ஆயத்தமாக முடிந்தது. ஆனால் வாக்கு, கட்டணம் செலுத்தும் உறுப்பினர்களுக்கே. பொதுமக்கள் ஆவணம் அனுப்பலாம், கருத்துச் சொல்லலாம், அதற்கு மேல் இல்லை. ஆக, நாட்காட்டி உள்ள இடத்தில் நமக்கு வாக்கு இல்லை, வாக்கு உள்ள இடத்தில் நாட்காட்டி இல்லை. ஜிடிஎஃப்எஸ் கடினமான பாதியை, அதாவது எவருக்கும் வாக்கு என்பதை, ஏற்கெனவே சாதித்துவிட்டது. எளிய பாதியைத்தான் செய்யாமல் வைத்திருக்கிறது.

நான் கேட்பது பெரிதன்று. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் ஆகிய மாதங்களின் முதல் திங்கட்கிழமை வாக்கெடுப்பு தொடங்கட்டும், இரண்டு வாரம் நடக்கட்டும். அதற்கு மூன்று வாரம் முன்பே முன்மொழிவின் வாசகம் உறைந்துவிடட்டும். செயல்படுத்திக் காட்டிய கோப்பின் சுட்டியும் செயலியின் சுட்டியும் அந்த நாளுக்குள் வந்து சேரட்டும். சொற்பிழை, தெளிவின்மை போன்ற சில்லறைத் திருத்தங்கள் மட்டும் இந்தச் சுற்றுக்குக் காத்திராமல் இப்போதுபோலவே போகட்டும். மூன்று மாதம் என்ற இடைவெளிக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு: பல நிறுவனங்களில் கால அட்டவணையே பருவத்துக்குப் பருவம்தான் மாறுகிறது. தரநிலை அதைவிட விரைவாக மாறினாலும், அதைக் கோப்பில் ஏற்ற அடுத்த அட்டவணை வரும்வரை நாங்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

இதிலும் தொல்லைகள் உண்டு. கடைசி நாளில் எல்லோரும் மூட்டையோடு வந்து வரிசையில் நிற்பார்கள்; பரீட்சைக்கு முந்தின இரவு போலத்தான் இருக்கும். ஒரே சமயத்தில் எட்டு முன்மொழிவுகளைப் படிக்க வேண்டி வந்தால், முதல் இரண்டைக் கவனமாகப் படித்து மற்றவற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ‘+1’ போடும் ஆட்கள் வருவார்கள், நானே அப்படிச் செய்யக்கூடும். யாரும் எதிர்க்காத சிறிய, அவசரமான மாற்றம் ஒன்று மூன்று மாதம் வீணே காத்திருக்கும். இருந்தும், ஒரு யோசனை மூன்று மாதம் காத்திருப்பதை, அது மூன்றாவது வாக்கு வராமல் மூடப்படுவதைவிட மேலானதாகவே கருதுகிறேன். ஆயிரக்கணக்கான நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஒரு முடிவு மூன்று வாக்குகளில் தீரக்கூடும் என்பதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. தேதி தெரிந்திருந்தால் வாக்களிக்க முப்பது பேர் வருவார்கள் என்பது என் நம்பிக்கை. பிடித்துக்கொண்ட மீதி அரை மதிப்பெண் இந்தக் குறைந்த எண்ணிக்கைக்காக.

பேருந்து, தொடர்வண்டித் தரவுகளோடு ஏதேனும் ஒரு வகையில் புழங்குபவர்கள், இந்திய நகரங்களின் தரவைத் திறந்து விட வேண்டும் என்று முயல்பவர்கள், தம் ஊர்ப் பெயர் செயலியில் தப்பாக வருகிறது என்று முணுமுணுப்பவர்கள் ஆகிய அனைவரும் இந்த வாக்கெடுப்புகளில் ஒரு முறையாவது கலந்துகொள்ளலாம். முதலில் இரண்டு முன்மொழிவுகளின் விவாதத்தை முழுமையாகப் படியுங்கள், மூன்றாவதில் வாக்களியுங்கள். ஆங்கிலம் சரளமாக எழுத வராது என்ற தயக்கம் வேண்டாம். அந்தப் பக்கங்களில் பல நாட்டவரின் ஆங்கிலம் இருக்கிறது, யாரும் யாரையும் திருத்துவதில்லை. எதிர்த்து வாக்களிப்பதாக இருந்தால் மட்டும் காரணத்தை இரண்டு பத்தி எழுத நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், காரணமில்லாத எதிர்ப்பை அங்கே யாரும் மதிப்பதில்லை. விவாதத்தின்போது போட்ட ‘+1’ செல்லாது என்பதை என்னைப்போல் மறந்துவிடாதீர்கள்.

எங்கள் அலுவலகச் சுவரில், மருதமலை முருகன் படம் போட்ட தினசரி காலண்டர் ஒன்று தொங்குகிறது. இந்த ஆண்டு அது வந்ததும் முதல் வேலையாக, ஆகஸ்ட் 1-ம் தேதித் தாளைத் தேடி எடுத்து, ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் கீழே சிவப்பு மையில் ‘சுவிஸ் லீவு’ என்று எழுதி வைத்தேன்.